லேப்டாப்பில் மட்டும் நெட் வரவில்லை: கார்டு போய்விட்டதா?

மார்ச் 4, இரவு 8.15 (கேள்வி)

வீட்டில் எல்லாப் போன்களிலும் வைஃபை நன்றாக ஓடுகிறது. என் லேப்டாப்பில் மட்டும் 'இணைந்தது, இணையம் இல்லை' என்று வருகிறது. விண்டோஸ் 10. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், பாஸ்வேர்டைத் திரும்ப அடித்தேன், பலன் இல்லை. தெரிந்தவர் ஒருவர் வைஃபை கார்டு போய்விட்டது, மாற்று என்கிறார். இன்னொருவர் விண்டோஸையே திரும்பப் போடச் சொல்கிறார். போன்கள் ஓடுவதால் ரவுட்டர் மேல் தப்பு இல்லை, கார்டுதான் என்று எனக்கும் படுகிறது. மாற்றிவிடவா?

மார்ச் 4, இரவு 9.40

மாற்றாதீர்கள். 'இணைந்தது' என்று காட்டுகிறது என்றால் கார்டு ரவுட்டரோடு பேசி, பாஸ்வேர்டைச் சரிபார்த்து, உள்ளே நுழைந்துவிட்டது. செத்த கார்டு இவ்வளவு தூரம் வராது. கோளாறு அதற்கு அடுத்த படியில் எங்கோ இருக்கிறது.

கமாண்ட் பிராம்ப்டை (கட்டளை அடிக்கும் திரை) திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' அடியுங்கள். வரும் பட்டியலில் வைஃபை பகுதியில் நான்கு வரிகள் வேண்டும்: ஐபிவி4 முகவரி (வலையில் உங்கள் கணினியின் எண்), டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல், வீட்டில் ரவுட்டர்தான்), டிஹெச்சிபி சர்வர் (முகவரி கொடுப்பது), டிஎன்எஸ் சர்வர் (தளத்தின் பெயருக்கு எண்ணைத் தேடித் தருவது). காலியாக இருந்தால் காலி என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு தகவல்தான்.

மார்ச் 4, இரவு 9.55

ஒன்று விட்டுப்போனது. செட்டிங்ஸில் 'நெட்வொர்க் ரீசெட்' என்ற பொத்தான் கண்ணில் படும். இப்போதைக்கு அதை அழுத்த வேண்டாம். சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள், விபிஎன் அமைப்புகள் எல்லாம் அதில் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு, கோளாறின் தடயமும் சேர்ந்தே அழிந்துவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் நெட் வரும், ஆனால் எதனால் நின்றது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்பவும் நிற்கும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மார்ச் 5, காலை 7.30

முகவரி 169.254 என்று தொடங்குகிறது, கேட்வே காலி, டிஹெச்சிபி சர்வர் வரியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்தது.

அந்த 169.254 ரவுட்டர் கொடுத்த முகவரி அன்று. கணினி 'எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று வலையில் கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, சரி என்று தானே ஒன்றை வைத்துக்கொண்டது. விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. அப்புறம் 2005-இல் ஆர்எஃப்சி 3927 என்ற ஆவணத்தில் எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவான முறையாக எழுதி வைத்தார்கள். இந்த முகவரியை வைத்துக்கொண்டு அதே வலையில் இருக்கும் இன்னொரு 169.254 கணினியோடு பேசலாம். வெளியே போக முடியாது.

டிஹெச்சிபி முறையில் முகவரி வாங்குவது நான்கு பேச்சுகளில் முடிகிற வேலை. யாராவது இருக்கிறீர்களா என்று கணினி கேட்கும். இந்த முகவரி இருக்கிறது என்று ரவுட்டர் சொல்லும். அதையே எடுத்துக்கொள்கிறேன் என்று கணினி சொல்லும். சரி, இவ்வளவு நேரத்துக்கு அது உன்னுடையது என்று ரவுட்டர் முடித்துவைக்கும். இந்த நான்கில் ஏதோ ஒன்று உங்கள் லேப்டாப்பில் நடக்கவில்லை. கேள்வி வெளியே போகவில்லையா, ரவுட்டர் பதில் தரவில்லையா, வந்த பதிலை உள்ளே எதுவோ தடுக்கிறதா? இனிமேல் தேட வேண்டியது இவ்வளவுதான்.

கேபிள் இருந்தால் ரவுட்டரில் நேராகச் செருகிப் பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு.

மார்ச் 5, மதியம் 1.10

'போனில் வருகிறது, அதனால் ரவுட்டரில் தப்பு இல்லை' என்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அது முழுச் சான்று ஆகாது.

ரவுட்டர் கொடுக்கும் முகவரிகளுக்கு ஓர் எல்லை உண்டு. உதாரணமாக 192.168.1.100 முதல் 120 வரை என்று அமைத்திருந்தால் 21 முகவரிகள்தான். போன், டிவி, கேமரா, பிரிண்டர் என்று அவை தீர்ந்துவிட்டால் புதிதாகக் கேட்பவருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் போன் நிம்மதியாக ஓடும். வைஃபையை அணைத்துப் போட்டாலும் போனுக்குப் பெரும்பாலும் பழைய முகவரியே திரும்பக் கிடைக்கும். எனவே போனை வைத்து இதைச் சோதிக்க முடியாது. உங்கள் வைஃபையில் இதுவரை இணைக்காத ஒரு கருவியை இணைத்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 5, இரவு 10.05

கேபிளிலும் 169.254, நண்பரின் டேப்லெட்டுக்கு உடனே முகவரி கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அருமை. இரண்டும் சேர்ந்து நிறையச் சொல்கின்றன.

வைஃபைக்கும் கேபிளுக்கும் வேறு வேறு வன்பொருள், வேறு வேறு டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்). இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரி கெடுவது மிக அபூர்வம். ஆகவே கார்டு என்ற சந்தேகத்தை இங்கேயே விட்டுவிடலாம். புதுக் கருவிக்கு முகவரி கிடைப்பதால் ரவுட்டரும் தப்பித்தது. கோளாறு லேப்டாப்புக்குள், இரண்டு கார்டுகளுக்கும் பொதுவான மென்பொருளில் இருக்கிறது.

அடுத்து, முகவரியை நாமே கையால் கொடுத்துப் பார்க்கலாம். போனில் வைஃபை விவரத்தைத் திறந்து அதன் முகவரியையும் கேட்வேயையும் பாருங்கள். போன் 192.168.1.104 என்றால் லேப்டாப்புக்கு 192.168.1.240 போல வேறு யாரிடமும் இருக்க வாய்ப்பில்லாத ஒன்றைக் கொடுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே போனில் இருப்பதேதான்.

பிறகு பிங், அதாவது ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. இந்த வரிசையை மாற்றாமல்:

பிங் 127.0.0.1 (கணினி தன்னையே கேட்பது)
பிங் உங்கள் சொந்த முகவரி
பிங் கேட்வே முகவரி
பிங் 8.8.8.8 (வெளியே இருக்கும் கூகுளின் டிஎன்எஸ் சர்வர்)
பிங் ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயர்

தோட்டத்தில் தண்ணீர் வராவிட்டால் தொட்டியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் திறந்துகொண்டே போவோமே, அதே முறைதான். எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் தம் வலையில் இருந்த ஒரு கோளாறைப் பிடிக்க எழுதிய சின்ன நிரல் இது. இன்றும் முதலில் கை போவது அதற்குத்தான்.

மார்ச் 6, காலை 6.50

எழுந்ததும் உங்கள் செய்தியைப் பார்த்தேன். முதல் நான்கு பிங்குக்கும் பதில் வருகிறது, பெயர் மட்டும் கிடைக்கவில்லை. டிஎன்எஸ் பெட்டியைக் காலியாக விட்டிருப்பீர்கள், நானும் அதைச் சொல்லவில்லையே. கையால் முகவரி கொடுக்கும்போது டிஎன்எஸ்ஸையும் கையால்தான் கொடுக்க வேண்டும். கேட்வே முகவரியையே போடலாம், அல்லது 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ் ஒன்றை.

இந்த விட்டுப்போன பெட்டியால் ஒரு நன்மை: டிஎன்எஸ் கோளாறு எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்துவிட்டீர்கள். எண்ணுக்குப் பாதை இருக்கிறது, பெயருக்கு இல்லை. 'நெட் இல்லை' என்று வருகிற புகார்களில் இந்த வகையும் நிறைய உண்டு.

மார்ச் 6, காலை 8.20

நெட் வந்துவிட்டது, இப்படியே விட்டுவிடலாமா என்கிறீர்கள். வேண்டாம். வெளியே எங்காவது லேப்டாப்பை எடுத்துப்போனால் அங்கே வேறு முகவரி வரிசை இருக்கும், அங்கும் நெட் வராது. இதே 240-ஐ ரவுட்டர் ஒருநாள் வேறு கருவிக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியம், உள்ளே ஏதோ ஒன்று பதில்களைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. அது என்ன என்று தெரியாமல் விடக்கூடாது.

சாதாரணப் போக்குவரத்து இரண்டு பக்கமும் போய் வருகிறது, டிஹெச்சிபி மட்டும் வரவில்லை. டிஹெச்சிபி பேசுவது யுடிபி 67, 68 என்ற இரண்டு போர்ட்டுகளில் (எண் போட்ட கதவுகள் மாதிரி). அவற்றை மட்டும் மூடுகிற ஏதாவது ஒன்று: ஃபயர்வால், வைரஸ் தடுப்பு, பழைய விபிஎன்.

சோதனை: முகவரியைத் திரும்ப 'தானியங்கி' ஆக்குங்கள். கேபிளைச் செருகிவிட்டு 'சேஃப் மோட் வித் நெட்வொர்க்கிங்'கில் (அடிப்படையானவை மட்டும் ஏறும் நிலை) ஏற்றுங்கள். கேபிள் கட்டாயம், ஏனென்றால் சேஃப் மோடில் வைஃபை பல கணினிகளில் வராது. பிட்லாக்கர் (வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் ரெக்கவரி எண்ணை முதலில் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடுக்குப் போகும் வழியில் சில கணினிகள் அதைக் கேட்கும்.

மார்ச் 6, காலை 8.35

கேட்வே பிங்கைப் பற்றி ஒரு சேர்க்கை, பின்னால் படிப்பவர்களுக்காக. சில ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும். மூன்றாம் படியில் பதில் இல்லை என்றவுடன் ரவுட்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். 'ஆர்ப் -ஏ' அடித்து, கேட்வே முகவரிக்கு எதிரே வன்பொருள் முகவரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ரவுட்டர் உயிரோடு இருக்கிறது, பேச மறுக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 6, இரவு 9.15

சேஃப் மோடில் 192.168 முகவரி உடனே வந்தது! இதைப் படித்தபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. விண்டோஸும் நலம், டிரைவரும் நலம். சாதாரணமாக ஏறும்போது கூடவே ஏறுகிற ஏதோ ஒன்றுதான் குற்றவாளி.

போன மாதம் இலவசக் காலம் முடிந்த பாதுகாப்பு மென்பொருள் ஒன்றை நீக்கியதாக இப்போது சொல்கிறீர்கள். இந்த வகை மென்பொருள்கள் கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவே ஒரு வடிகட்டியைச் செருகி, போகிற வருகிற எல்லாவற்றையும் பார்க்கும். வழக்கமான முறையில் நீக்கும்போது சில சமயம் அந்த வடிகட்டி மட்டும் தங்கிவிடும். அதை ஆளுகிற நிரல் இல்லை, ஆனால் பழைய விதிகளோடு அது உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸின் சொந்த ஃபயர்வாலை நீங்கள் அணைத்தாலும் இதற்குத் தெரியாது, இது வேறு ஆள்.

கார்டின் பிராப்பர்ட்டிஸைத் திறங்கள். 'இந்த இணைப்பு பயன்படுத்துபவை' என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்த மென்பொருளின் பெயர் அதில் இன்னும் இருக்கிறதா?

மார்ச் 6, இரவு 9.50

இருக்கிறது என்கிறீர்கள். அதன் முன்னால் உள்ள டிக்கை எடுத்துவிட்டு மீண்டும் முகவரி கேளுங்கள்: 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', பிறகு 'ஐபிகான்ஃபிக் /ரென்யூ'.

வந்துவிட்டால் அதோடு நிறுத்தாதீர்கள். பாதுகாப்பு மென்பொருள் தயாரிப்பவர்கள் பலர் எச்சத்தைச் சுத்தமாகத் துடைக்கத் தனி நீக்கக் கருவி வைத்திருக்கிறார்கள். அதை அவர்களுடைய தளத்திலிருந்தே எடுங்கள், வேறு தளங்களில் கிடைக்கும் 'கிளீனர்'கள் வேண்டாம். ஓட்டிய பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து திரும்பப் போடுவது ரீஸ்டார்ட் ஆகாது. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி உண்டு, அது ஷட் டவுனின்போது கெர்னலையும் (விண்டோஸின் உள்மையம்) டிரைவர்களையும் அப்படியே வட்டில் எழுதி வைத்து அடுத்த முறை எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

மார்ச் 7, காலை 7.05

வைஃபையிலும் கேபிளிலும் தானாக முகவரி வருகிறது என்று செய்தி. நல்லது. கார்டைக் கழற்றாமல் இருந்தீர்களே, அதற்கே நன்றி.

மார்ச் 7, இரவு 8.40

'நெட்ஷ் வின்சாக் ரீசெட் அடித்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்குமே, எதற்கு இத்தனை நாள்' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அந்தக் கட்டளை வின்சாக் பட்டியலைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும். நிரல்கள் வலையை அணுகும் வழியில் ஏதாவது செருகப்பட்டுக் கெட்டிருந்தால் அருமையாக வேலை செய்யும். இங்கே கோளாறு அதற்குக் கீழே, கார்டுக்குப் பக்கத்தில் இருந்த வடிகட்டியில். அதை இந்தக் கட்டளை தொடாது. முதலில் கேள்வி கேட்டவரும் இதை அடித்துப் பார்த்திருப்பார், வந்திருக்காது, உடனே 'இதுகூட வேலை செய்யவில்லை, அப்படியானால் கார்டுதான்' என்ற முடிவுக்குப் போயிருப்பார். நான் பயப்படுவது அந்தத் தாவலுக்குத்தான். மருந்து பலிக்காததால் நோய் இதுதான் என்று சொல்ல முடியாது.

ஒரே மூச்சில் ஐந்து கட்டளைகளை ஒட்டி அடிக்கச் சொல்லும் குறிப்புகள் எங்கும் இருக்கின்றன. சரியாகிவிட்டாலும் ஐந்தில் எது சரி செய்தது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள், விளைவை எழுதுங்கள், பலன் இல்லை என்றால் பழையபடி ஆக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மார்ச் 9, மாலை 5.30

வேறொருவர்: எல்லாத் தளமும் திறக்கிறது, ஆனால் மூலையில் 'இணையம் இல்லை' என்ற குறி போகவே மாட்டேன் என்கிறது.

அந்தக் குறியை விண்டோஸ் ஒரு சின்னச் சோதனையை வைத்துப் போடுகிறது. மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரிக்குப் போய் ஒரு குட்டி உரைக்கோப்பைக் கேட்கும். அதில் எதிர்பார்த்த சொற்கள் இருந்தால் இணையம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. விபிஎன்னோ, விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ்ஸோ அந்த ஒரு முகவரியை மறைத்துவிட்டால் மற்றதெல்லாம் ஓடினாலும் குறி அப்படியே நிற்கும். விபிஎன்னை நிறுத்திப் பாருங்கள். குறியை நம்பாமல் பிங்கை நம்புங்கள்.

மார்ச் 10, இரவு 11.20

கணினியில் தேதி தவறாக இருந்தால் நெட் நிற்குமா என்று கேட்டவருக்கு. இது எனக்கு மிகவும் பிடித்த கோளாறு, கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு பழைய மேசைக் கணினியைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முகவரி சரி, கேட்வே பதில் தருகிறது, 8.8.8.8 பதில் தருகிறது, பெயர்களும் கிடைக்கின்றன. பிரவுசரில் மட்டும் எந்தத் தளமும் திறக்காது, எல்லாவற்றுக்கும் 'பாதுகாப்பான இணைப்பு இல்லை'. அந்த வீட்டில் எல்லோரும் வைரஸ் என்றே முடிவு செய்திருந்தார்கள். மூலையில் கடிகாரத்தைப் பார்த்தால் பல வருடங்களுக்கு முந்தைய ஒரு ஜனவரி 1.

மதர்போர்டில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி ஒன்று இருக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால், மின் இணைப்பைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி பழைய காலத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு இணையதளமும் காட்டும் சான்றிதழில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்' என்று எழுதியிருக்கும். கணினியின் கணக்கில் அந்த முதல் தேதியே இன்னும் வரவில்லை. அதனால் எல்லாத் தளத்தையும் போலி என்று தள்ளிவிடுகிறது. பிரவுசர் செய்தது சரியே, அதற்குக் கொடுத்த தேதிதான் தவறு.

நேரத்தைத் தானாகத் திருத்தும் சேவை விண்டோஸில் உண்டு என்பது உண்மை. ஆனால் வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் அது தானாகத் திருத்தத் தயங்கும். கையால் வைத்துவிட்டு பேட்டரியை மாற்றுவதுதான் வழி. பிங் எல்லாம் போகிறது, பாதுகாப்பான தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் முதல் பார்வை கடிகாரத்துக்கு.

மார்ச் 12, காலை 10.00

'சில தளங்கள் பறக்கின்றன, சில தளங்கள் பாதியில் தொங்குகின்றன.' தரவு வலையில் சிறு சிறு பொட்டலங்களாகப் போகும், அந்தப் பொட்டலத்தின் அளவாக இருக்கலாம். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் வழக்கமாக 1500 பைட் வரை போகும். பிபிபிஓஇ என்ற முறையில் இணைப்பு வந்தால் அதில் 8 பைட் தலைப்புக்குப் போய் 1492 ஆகிவிடும். இதை ரவுட்டர் சரியாகத் தெரிவிக்காவிட்டால் பெரிய பொட்டலங்கள் வழியில் தொலையும், சின்னவை போய்ச் சேரும். 'பிங் -எஃப் -எல் 1472 8.8.8.8' போகவில்லை, 1464 போகிறது என்றால் அதுதான். இந்த இரண்டு எண்களோடும் 28 பைட் தலைப்பைக் கூட்டிப் பாருங்கள், 1500-ம் 1492-ம் வரும். ரவுட்டரில் எம்டியு அளவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 ஆக்குங்கள்.

மார்ச் 13, இரவு 9.30

விளக்கு எரிகிறதே, கேபிள் நலம்தானே என்று கேட்டவருக்கு: விளக்கு எரிகிறது என்பதால் கேபிள் நலம் என்று ஆகாது. உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்) எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று அறுந்திருந்தாலும் விளக்கு எரியும், இணைப்பு வரும், வேகம் மட்டும் 100-க்கு இறங்கியிருக்கும்.

நாற்காலிச் சக்கரத்தில் நசுங்கிய கேபிள் ஒன்று எனக்கு இப்படித்தான் விளையாட்டுக் காட்டியது. வெளியே உறையில் ஒரு கீறல்கூட இல்லை. நாற்காலி நகர்ந்தால் இணைப்பு போகும், வரும். வேகம் என்ன என்று பார்த்த பிறகுதான் கேபிள் மேல் சந்தேகம் வந்தது. கார்டின் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தில் வேகம் எழுதியிருக்கும். இரண்டு பக்கமும் ஜிகாபிட் கருவிகள் இருந்தும் 100 என்று காட்டினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மார்ச் 13, இரவு 9.45

கேபிள் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்றும் அவர் கேட்டிருந்தார். 100 மீட்டர் வரைதான் கணக்கு.

மார்ச் 16, மதியம் 3.15

லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபை காணாமல் போகிறது, ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது என்பவருக்கு: டிவைஸ் மேனேஜரில் கார்டைத் திறந்து 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். அந்தத் தாவலே இல்லாத லேப்டாப்புகளும் உண்டு, அவற்றில் தயாரிப்பாளரின் புது டிரைவரைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மார்ச் 19, இரவு 10.10

லினக்ஸ்காரர் ஒருவர் வந்திருக்கிறார், வைஃபை பட்டியலே காலி என்கிறார். மேலே சொன்ன படிகள் அங்கும் அப்படியே பொருந்தும், கட்டளைப் பெயர்கள்தான் வேறு: முகவரிக்கு 'ஐபி ஏ', கேட்வேக்கு 'ஐபி ரூட்'. ஆனால் பட்டியலே காலி என்றால் அதற்கும் முந்தைய படி. 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' அடியுங்கள், வைஃபை அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று அது காட்டும். 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' போதும். 'ஹார்டு பிளாக்டு: யெஸ்' என்றால் எந்தக் கட்டளையும் உதவாது, லேப்டாப்பின் ஓரத்திலோ விசைப்பலகையிலோ இருக்கும் வைஃபை ஸ்விட்சைத் தேடிப் போடுங்கள்.